நினைவுத்தூணும் பூவரசம்பூவும் – கொழும்புப் பூங்காவின் போர்ச் சின்னம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போரிலே பட்ட வீரனுக்குக் கல் எடுத்தல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தக்க கல்லைத் தேர்ந்து, நாள் பார்த்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறைமையைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. சங்கச் செய்யுள்களிலே வழிப்போக்கர் நடுகல்லைக் கண்டு வணங்கிச் செல்லும் காட்சிகள் பலவுண்டு. அந்நடுகற்களிற் பல, அரசர்க்காக எழுந்தவையல்ல; ஊரின் ஆநிரையைக் காக்கப் பொருது மாண்ட சாதாரண மாந்தர்க்காக எழுந்தவை. கல்லை நட்டவர்களும் அவ்வூரவரே. ஆதலால், இறந்தவன் யார், எதற்காக இறந்தான், அவனை நினைப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் அக்கல் ஒருங்கே விடை பகர்ந்தது.

தற்காலப் போர்ச் சின்னங்களிடம் இதே வினாக்களை எழுப்பும்போது விடை அத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை. அரசொன்று எடுக்கும் கல், இறந்தவரைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்க எடுத்தவரைப் பற்றியே மிகுதியாகக் கூறுவதுமுண்டு. கொழும்பு மாநகரிலே, கறுவாத்தோட்டத்துப் பூங்காவில், பொது நூலகத்தின் முன்பாக உயர்ந்து நிற்கும் போர் நினைவுத்தூணின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். நாள்தோறும் அதனைக் கடந்து செல்லும் ஆயிரக்கணக்கானோரில் அத்தூண் அவ்விடத்தில் பிறந்ததன்று என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

காலிமுகத்திடலில் எழுந்த தூண்

முதலாம் உலக மகாயுத்தம் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி ஓய்ந்தது. பிரித்தானியப் பேரரசின் பல பாகங்களிலுமிருந்து சென்று மாண்டோரின் உடல்களைத் தத்தம் நாடுகளுக்குக் கொணர்வதற்குப் போர்க்காலத்திலேயே தடை விதிக்கப்பட்டிருந்தது. பிள்ளையை இழந்த தாய்க்கு அழுவதற்கொரு கல்லறையும் இல்லாத நிலை உருவாயிற்று. இவ்வெறுமையை நிரப்பவே ‘செனொட்டாஃப்’ எனப்படும் சின்னம் தோன்றியது. கிரேக்க மொழியில் இச்சொல் வெறுங்கல்லறை எனப் பொருள்படும். இலண்டனில் 1919ஆம் ஆண்டு மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாக அமைக்கப்பட்ட வெறுங்கல்லறை, மக்கள் அதனடியில் மலர்களைக் குவித்தமையால் மறு ஆண்டே கல்லால் நிரந்தரமாக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் சேர் எட்வின் லட்டியன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர். புதுடில்லி நகரின் இந்தியா வாயிலும் அவரது வடிவமைப்பே.

இலங்கையின் சின்னத்தை வடிவமைக்கும் பணியும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1920களின் முற்பகுதியில் அத்தூண் கொழும்புக் காலிமுகத்திடலிலே, கடலை நோக்கிய வெளியில் நிறுவப்பட்டது. இடத்தேர்வு கருத்துடையதாகும். துறைமுகத்தை நோக்கி வரும் கப்பலிலுள்ளோர் கண்ணிற்கு அது தொலைவிலேயே புலப்படும். இத்தீவும் பேரரசின் போரிலே தன் பங்கைச் செலுத்தியது என்பதைக் கடல்வழியே வருவோர்க்கெல்லாம் அறிவித்து நிற்பதாக அத்தூண் அமைந்தது.

ஏறிய பெயர்களும் ஏறாத பெயர்களும்

இலங்கையிலிருந்து அப்போருக்கு முதலிற் சென்ற குறிப்பிடத்தக்க அணி, தோட்டத்துரைமார் றைபிள் படையாகும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியரைக் கொண்ட அப்படையினர் ஏறத்தாழ இருநூற்று முப்பது பேர் 1914ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எகிப்துக்குக் கப்பலேறினர். சுயெசுக் கால்வாயைக் காத்து நின்றபின் கலிப்பொலிக் களத்திற்கும் சென்றனர். அப்படை ஐரோப்பியர்க்கே உரியதாக இருந்தது. போர்க்களம் செல்ல விரும்பிய சுதேச இளைஞர் சிலர் தாமாகவே இங்கிலாந்துக்குச் சென்று அங்குள்ள படைப்பிரிவுகளிற் சேர்ந்தனர். கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான றிச்சர்ட் அலுவிகாரை அவர்களுள் ஒருவர். பிரான்சிலே சொம் களத்திற் காயமுற்று மீண்ட அவரே, பின்னாளில் இந்நாட்டின் முதலாவது சுதேசப் பொலிஸ் மா அதிபரானார். ஒரே பேரரசுக்காக உயிர் கொடுப்பதிலும் வாயில்கள் வெவ்வேறாக இருந்தன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அதே போர்க்காலத்தில் இலங்கையினுள்ளேயே வேறொரு துயரம் நிகழ்ந்தது. 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட சிங்கள–முஸ்லிம் கலவரம் பல மாவட்டங்களுக்கும் பரவியது. உயிரும் உடைமையும் இழந்தோரிற் பெரும்பாலார் முஸ்லிம்களே. அவர்களைக் காக்கத் தவறிய ஆட்சி, கலவரத்தை அடக்குமிடத்து அளவிறந்த கொடுமையைக் கைக்கொண்டது. ஜேர்மனியருடன் நடக்கும் போரின் அச்சத்தில், கலவரத்தை அரசுக்கெதிரான சதியெனக் கருதிய தேசாதிபதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். விசாரணையின்றியும் அரைகுறை விசாரணையுடனும் பலர் சுடப்பட்டனர். கொழும்பு நகர்க் காவற் படையிலே கப்டனாகவிருந்த ஹென்றி பேதிரிஸ், இருபத்தாறு வயதினர், இராணுவ நீதிமன்றினாற் குற்றவாளியெனக் காணப்பட்டு 1915 யூலை 7ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பேரரசின் சீருடையை அணிந்த ஒருவர் பேரரசின் துப்பாக்கியாலேயே மாண்டார்.

இவ்வநீதியை எதிர்த்து எழுந்த குரல்களிலே சேர் பொன்னம்பலம் இராமநாதனின் குரல் தலையாயது. சட்டசபையில் முழங்கியதோடு அமையாது, நீர்மூழ்கிகளின் அபாயம் நிறைந்த கடலைக் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். 1916ஆம் ஆண்டு இராணுவச் சட்டக் கொடுமைகளை நூலாகவும் வெளியிட்டார். அவர் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றமை இந்நாட்டு வரலாற்றின் அரிய காட்சிகளுள் ஒன்று. எனினும், முஸ்லிம் மக்களின் துயரம் அவரது வாதத்திலே உரிய இடத்தைப் பெறவில்லை என்னும் குறை அம்மக்களிடையே நெடுங்காலம் நிலைத்தது. ஒரு சாராரின் இழப்பிற்காகப் பேசும்போது மறு சாராரின் இழப்பு மறைந்துபோதல் எத்துணை எளிது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

1915இல் மாண்டோருக்காகக் காலிமுகத்திடலிற் கல் எதுவும் எழவில்லை. அத்தூண் பேரரசின் போருக்குரியது. அதன் கணக்கிலே இவர்கள் இல்லை. பெயர்களைப் பொறிப்பதிலுங்கூடப் பேரரசு வாக்களித்த சமத்துவம் எங்கும் பேணப்படவில்லை. 1917இல் அமைக்கப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணைக்குழு, பதவி, இனம், சமயம் என்னும் வேறுபாடின்றி ஒவ்வொருவரும் ஒரே வகையாக நினைவுகூரப்படுவர் எனக் கொள்கை வகுத்தது. அதன் வழிவந்த ஆணைக்குழுவே 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை வேறு கதை கூறுகின்றது. முதலாம் யுத்தத்தில் மாண்ட ஆபிரிக்கர், ஆசியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 வரையானோர் சமமற்ற முறையிலே நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 116,000 பேர் பெயராலோ எவ்வகையாலுமோ நினைவுகூரப்படாது விடப்பட்டனர் என்றும் அது ஒப்புக்கொண்டது. நூறாண்டின் பின்னராயினும் இவ்வொப்புதல் வந்தமை பாராட்டத்தக்கது. ஆயினும் அதற்கு நூறாண்டு சென்றமை சிந்திக்கத்தக்கது.

பொப்பியும் பூவரசும்

ஆண்டுதோறும் நவம்பர் 11ஆந் திகதி போர் நினைவு நாளாக அனுட்டிக்கப்பட்டது. பிளாண்டர்ஸ் போர்க்களங்களிற் பூத்த செந்நிறப் பொப்பி மலரின் வடிவிலான காகிதப் பூக்கள் தெருக்களில் விற்கப்பட்டன. கொழும்பிலே அப்பூவைச் சட்டையில் அணியாது செல்வது விசுவாசக் குறைவெனக் கருதப்பட்ட காலம் அது. சேர்ந்த பணத்திற் பெரும்பகுதி இங்கிலாந்துக்குச் சென்றது. இலங்கையின் முன்னாட் படைவீரர்க்கு எஞ்சியது சிறிதே.

இதனாற் கசப்புற்ற முன்னாட் படைவீரர் சார்பில் ஏலியன் பெரேரா என்பவர் 1931ஆம் ஆண்டு பொப்பிக்கு மாற்றாகச் சூரியமல் விற்பனையைத் தொடக்கினார். 1933இல் தென் கொழும்பு வாலிபர் கழகத்து இளைஞர்கள் அதனை ஏற்றுப் புதுப்பொருள் தந்தனர். அவர்களுக்குப் போர்வீரர் நலன் மட்டும் குறிக்கோளாக இருக்கவில்லை. பேரரசின் போர்களையே மறுப்பது குறிக்கோளாயிற்று. டொரீன் யங் என்னும் ஆங்கிலேய ஆசிரியை, பின்னாளில் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவின் துணைவியாரானவர், இவ்விரு மலர்களின் போரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதி, மாணவர் பொப்பி வாங்கக் கட்டாயப்படுத்தப்படுவதைக் கண்டித்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவரே ஆளப்படுவோரின் மலரைக் கையிலெடுத்தமை அன்றைய கொழும்பை அதிர வைத்தது.

சூரியமல் எனச் சிங்களத்தில் வழங்குவது நமது பூவரசம்பூவே. யாழ்ப்பாணத்து வேலிகளில் வரிசையாக நிற்பதும், சிறுவர் இலையைச் சுருட்டிக் குழலூதுவதும் அம்மரத்திலேதான். காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலையிற் செந்நிறமாகி வாடும் அப்பூவுக்கு விலை கூறுவார் எவருமில்லை. விலையற்ற ஒரு வேலிப்பூவைப் பேரரசின் மலருக்கு எதிராக நிறுத்தியமையே அவ்வியக்கத்தின் அழகு. வாங்கியோரிற் பலர் ஏழைகள். சேர்ந்த தொகையும் சிறிதே. ஆனால் அவ்வியக்கம் பூ விற்பதோடு நின்றுவிடவில்லை. 1934–35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டபோது, சூரியமல் தொண்டர் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களிற் பலரே 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தனர்.

மலேரியாவில் மாண்ட 80,000 பேருக்கும் தூண் எதுவும் எழவில்லை. இறந்தோரைப் போற்றுதலின் முதற்படி உயிரோடிருப்போரைச் சாகாது காத்தலே என்பதைச் சூரியமல் தொண்டர் சொல்லாற் கூறவில்லை, செயலாற் காட்டினர். இறந்தோரை நினைப்பதற்கு அரசு காட்டும் வழி ஒன்றே வழியன்று என்பதை இந்நாட்டு மக்களுக்கு முதலில் உணர்த்தியவர்களும் அவர்களே எனலாம்.

இடம்பெயர்ந்த தூண்

இரண்டாம் உலக மகாயுத்தம் தூணின் தலைவிதியை மாற்றியது. 1942 பெப்புருவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. தொலைவிலிருந்தே தெரியவேண்டுமெனக் கடற்கரையில் நிறுத்தப்பட்ட தூணுக்கு அச்சிறப்பே இப்பொழுது குற்றமாயிற்று. யப்பானியப் பீரங்கிகளுக்கு அது குறியடையாளமாகிவிடும் என அஞ்சிய அதிகாரிகள் அதனைக் கழற்றி அகற்றினர். ஒரு போரின் நினைவாக எழுந்த சின்னம் மறு போருக்கு அஞ்சி மறைந்துகொண்டது.

அவ்வாண்டு மே மாதத்தில், இந்து சமுத்திரத்தின் கொக்கோசுத் தீவுகளிலே காவல் நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தம் பிரித்தானிய அதிகாரிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒரே இரவில் அடங்கிற்று. அதன் தலைவர் கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கோடர், ஜி. பி. டி சில்வா ஆகிய மூவரும் ஆகஸ்ட் மாதத்தில் வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் யுத்தத்தில் கிளர்ச்சிக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படைவீரர் இவர்கள் மட்டுமே எனக் கூறப்படுகின்றது. பேதிரிஸ் மாண்ட அதே சிறையில், இருபத்தேழு ஆண்டுகளின் பின், அதே சீருடையை அணிந்த மூவர் மாண்டனர்.

போர் முடிந்தபின் தூண் காலிமுகத்திடலுக்குத் திரும்பவில்லை. விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய கறுவாத்தோட்டத்துப் பூங்காவிலே அது மீண்டும் நிறுத்தப்பட்டது. அப்பூங்காவும் போர்க்காலத்தில் படைமுகாமாக இருந்து, பின்னர் சீரமைக்கப்பட்டு 1951இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டதாகும். தூணின் பின்னால் இரு யுத்தங்களிலும் மாண்டோர் பெயர்கள் சுவரிலே பொறிக்கப்பட்டன. கடலுக்கு அறைகூவி நின்ற தூண், மரநிழலும் சிறுவர் விளையாட்டும் சூழ்ந்த அமைதியான இடத்தை அடைந்தது. ஒருவகையில் இறந்தோர்க்கு இதுவே பொருத்தமான இடமுமாகும்.

பூங்காவின் பெயரும் எல்லாளன் சமாதியும்

சுதந்திரத்தின் பின்னர் விக்டோரியா பூங்கா, விகாரமகாதேவிப் பூங்காவாயிற்று. அந்நிய அரசியின் பெயரை அகற்றி, இந்நாட்டு அரசியொருவரின் பெயரைச் சூட்டியது இயல்பே. ஆயினும் விகாரமகாதேவி, எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் தாய். தமிழ் வாசகரிற் சிலர் இப்பெயரை வெற்றியின் பறையொலியாகக் கொள்வதுண்டு. மகாவம்சத்தைச் செவ்வனே படிப்போர்க்கு அக்கதையில் வேறொரு செய்தியும் கிடைக்கும்.

எல்லாளன் நாற்பத்துநான்கு ஆண்டுகள் அநுராதபுரத்திலிருந்து, நண்பர் பகைவர் எனப் பாராது நீதி செலுத்தினான் என அந்நூலே கூறுகின்றது. நகரின் தெற்கு வாயிலருகே நடந்த தனிச்சமரில் அவன் வீழ்ந்தபின், துட்டகைமுனு மக்களைத் திரட்டித் தன் பகைவனுக்கு உரிய மரியாதைகளுடன் தகனஞ் செய்தான். அவ்விடத்திலே நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடும் ஏற்படுத்தினான். அவ்விடத்தைக் கடந்து செல்லும் மன்னர் வாத்திய ஒலியை நிறுத்துவர் எனவும் அந்நூல் குறிப்பிடுகின்றது. இவ்வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோல்வியுற்றபின் ஆங்கிலேயருக்கு அஞ்சி ஓடிய பிலிமத்தலாவை என்னும் கண்டிப் பிரதானி, களைப்பையும் பாராது பல்லக்கினின்றும் இறங்கி, சமாதியைக் கடந்துவிட்டோம் என உறுதிப்படும்வரை நடந்தே சென்றார் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நூல்கள் கூறுகின்றன.

எல்லாளன் சமாதியென நெடுங்காலம் காட்டப்பட்ட மேடு உண்மையில் தக்கிணத் தூபியே எனப் பேராசிரியர் பரணவிதான பின்னர் வாதிட்டார். அதுபற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. மேடு எதுவாயினும் ஆகுக. தோற்றவனின் நினைவிற்கு வென்றவன் தலைவணங்கினான் என்பதை, வென்றவனைப் புகழ எழுந்த நூலே மறைக்காது பதிந்துள்ளது என்பதுதான் முக்கியமானது. இலங்கையின் வரலாற்று நூல்களிற் காணப்படும் பழைய போர்ச் சின்னங்களுள் ஒன்று, பகைவனுக்காக எடுக்கப்பட்டதாகும்.

முடிவுரை

அண்மைக் காலத்தில் இந்நாடு எண்ணிறந்த சின்னங்களைக் கண்டுள்ளது. 2009 மே மாதத்திலே போர் முடிவுற்றபின் வடக்கில் வெற்றித் தூண்கள் எழுந்தன. மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. கோப்பாயில் அவ்விடத்திலேயே இராணுவத் தலைமையகம் அமைந்தது. தெற்கிலும் இத்தகைய அழிவு நேராமலில்லை. எம்பிலிப்பிட்டியாவிற் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர் நினைவாக 1999இல் பாராளுமன்றத்தின் அருகே அமைந்த சின்னம் பின்னர் அழிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆந் திகதி இரவில் இடிக்கப்பட்டு, மாணவரின் போராட்டத்தின் பயனாக அதே ஆண்டு ஏப்பிரலில் மீண்டும் எழுப்பப்பட்டது.

கல்லை இடிப்போர் நினைவை அழித்துவிடலாம் என எண்ணுகின்றனர். கொழும்புத் தூணின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. காலிமுகத்திடலிற் கல் ஏறாத பேதிரிசை மக்கள் மறந்தாரல்லர். பின்னாளில் அவருக்குக் கொழும்பிலேயே சிலை எழுந்தது. பெயரின்றி விடப்பட்ட இலட்சத்துக்கு மேற்பட்டோரை நூறாண்டின் பின்னராயினும் பேரரசின் வாரிசுகள் எண்ணத் தலைப்பட்டனர். எண்ணப்படாத பிணம் வரலாற்றிலே கடனாக நிற்கின்றது. அக்கடனைத் தீர்க்காது எழுப்பப்படும் வெற்றித்தூண், எவ்வளவு உயர்ந்ததாயினும், ஒரு பாதி உண்மையின் மீதே நிற்கின்றது. தம்மவரை மட்டும் எண்ணுவோர்க்கும் இவ்விதி பொருந்தும். அது சிங்களவர்க்கு ஒன்றாகவும் தமிழர்க்கு வேறொன்றாகவும் முஸ்லிம்களுக்கு மற்றொன்றாகவும் இருத்தல் இயலாது.

‘வெறுங்கல்லறை’ என்னும் சொல்லின் பொருளை ஊன்றி நோக்குமிடத்து, அதனுள் எவருடைய உடலும் இல்லை. ஆதலால் எவருடைய பிள்ளையும் அதனுள் இருக்கலாம். 1920இல் இலண்டன் தாயொருத்தி அதனை அவ்வாறே கண்டிருப்பாள். கொழும்புப் பூங்காவின் தூணடியிலே, உறவினரின் உடலைக் காணப்பெறாத முல்லைத்தீவுத் தாயும் எம்பிலிப்பிட்டியாத் தாயும் அவ்வாறே நின்று அழத்தக்க நாள் வருமாயின், அன்று அத்தூண் பேரரசின் சின்னம் என்னும் நிலை நீங்கி மக்களின் நடுகல்லாக மாறும். அந்நாளில் அதனடியில் வைப்பதற்குத் தொலைநாட்டுப் பொப்பி வேண்டியதில்லை. வடக்கின் வேலியிலும் தெற்கின் கரையிலும் ஒன்றுபோலப் பூக்கும் பூவரசம்பூ ஒன்றே போதும்.